ஊருக்குள் முதலுதவி வகுப்பு: முதலில் எதைப் படிப்பிக்க வேண்டும்?

குளக்கட்டு:
எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பெரும்போக விதைப்புக்கு முன் ஒரு முதலுதவி வகுப்பு வைக்க முடிவெடுத்திருக்கிறது. ஊர் ஏ-9 வீதியில் இருந்து நன்றாக உள்ளே, குளத்துக்குப் பின்பக்கம். கிரவல் ரோட்டு. மழை தொடங்கினால் ஓட்டோக்காரரும் யோசித்துத்தான் வருவார். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நல்ல வெயில் நாளிலேயே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும்.

செஞ்சிலுவைச் சங்கத்திடம் பயிற்றுநர் ஒருவரைக் கேட்கப் போகிறோம். ஒரு நாள்தான் கிடைக்கும் போல. அவர்களிடம் வழக்கமான பாடத்திட்டம் இருக்கும்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு எது அவசரம் என்று நாங்களே தெளிவாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். என்ன படிப்பிக்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

வயல்காரன்:
பாம்புக்கடிதான் முதல். விதைப்புத் தொடங்கி அறுவடை முடியும் வரைக்கும் எங்கள் பக்கம் பயமே அதுதான். வரம்பில் புடையன் (கண்ணாடி விரியன்), வீட்டுக்குள் எட்டடி விரியன் (கட்டுவிரியன்). கடித்தவுடன் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் பிளேட்டோடு வருவார், ஒருவர் கயிற்றோடு வருவார், இன்னொருவர் விஷக்கல் வைக்கச் சொல்வார். கடிபட்டவர் நடுவில் இருந்து எல்லாரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் யாருடைய பேச்சைக் கேட்பது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைத்தொப்பி:
வயல்காரன் தம்பி சொல்வது சரி. வன்னி ஆஸ்பத்திரிகளில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடிபட்டவரை நடக்க விடக்கூடாது. ஓடவே கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாக ஏறும். இருந்த இடத்திலேயே படுக்க வைத்து, எலும்பு முறிந்தால் செய்வோமே, அதேபோல மட்டையோ தடியோ வைத்துக் கடித்த காலை அசையாமல் கட்டுங்கள். இறுக்க வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசு, காலில் கட்டிய கறுப்பு நூல் எல்லாவற்றையும் அப்போதே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும். பிறகு கதிரையிலோ கட்டிலிலோ வைத்துத் தூக்கி வாகனத்துக்குக் கொண்டுவாருங்கள். கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொல்லிக்கொண்டு வர வேண்டும். இதுவும் வைத்தியத்தில் ஒரு பங்குதான்.

வெட்டாதீர்கள். புடையன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்துவிடும். அந்த உடம்பில் பிளேட்டால் ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறலே நிற்காமல் கசியும். ஆஸ்பத்திரியில் செய்யும் ஒரு சோதனை என்ன தெரியுமா? கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு மெல்லச் சரித்துப் பார்ப்போம். கட்டியாக நிற்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது, மருந்து ஏற்ற வேண்டும் என்று அர்த்தம். அந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. அதனால்தான் அதை ஆஸ்பத்திரியில் வைத்து மட்டும் ஏற்றுகிறார்கள்.

எட்டடி விரியன் வேறு மாதிரி. இரவில், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி, வீக்கம் என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. பல் பட்ட இடத்தை ரோச் அடித்துத் தேட வேண்டியிருக்கும். விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார், வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு கண் இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். தரையில் படுத்தவர் இப்படிச் சொன்னால், பாம்பைக் கண்டாலும் காணாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுளம்பு வலையின் கரையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். இங்கே ஏற்றுவது இந்தியாவில் இருந்து வரும் மருந்து. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை விரியன் என்று 4 பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்தது. அதற்குக் கேட்காத சின்ன விரியனும் இருக்கிறது என்பதால், எட்ட நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் டொக்டருக்கு உதவும். முடியாவிட்டால் விடுங்கள். படம் எடுக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம்.

மாங்குளம் சந்தி:
அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வயதுக்காரர் முதலுதவியைப் படித்தது வகுப்பில் இல்லை, பங்கருக்குள். ஷெல் விழுந்து கால் போனவருக்குச் சாரத்தைக் கிழித்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினோம். அப்படிக் கட்டித்தான் பலர் உயிர் தப்பினார்கள். புதுமாத்தளன் கரையில் இருந்து 2009 இல் செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் ஏற்றிய காயக்காரர்களில் எத்தனையோ பேர் அப்படிக் கட்டோடு கிடந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் பாம்பு கடித்தது என்றவுடன் கை தானாகக் கயிற்றைத்தான் தேடுகிறது. அங்கே உயிர் காத்த கட்டு இங்கே பிழை என்றால் சனத்துக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வெள்ளைத்தொப்பி:
மாங்குளம் தம்பி, இதை வகுப்பின் தொடக்கத்திலேயே கதைக்க வேண்டும் என்பேன். வெளியூரில் எழுதிய பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி இருக்காது. வன்னியில் 35 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் மனதிலும் இருக்கிறது.

நீங்கள் அன்று கட்டியது சரி. கால் போன இடத்தில் உயிர் போவது நிமிடக் கணக்கில். வெளியே கொட்டும் ரத்தத்தை நிறுத்துவதைவிட அங்கே வேறு வேலை இல்லை. பாம்பு கடித்த காலில் அப்படி ரத்தம் கொட்டவில்லை. கட்டுக்கு மேலே விஷம் போகாது என்று நம்பி இறுக்குகிறோம். உண்மையில் கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று, விஷமும் அங்கேயே தேங்கி, சதை சாகத் தொடங்குகிறது. அவிழ்த்தவுடன் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே ஏறுகிறது. ஆகவே யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே சொல்லுங்கள்.

ரத்தக் காயத்துக்கும் முதலில் கயிறு இல்லை. கத்திவெட்டோ வேறு எந்த வெட்டோ, துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உங்கள் உடம்புப் பாரம் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. உறையத் தொடங்கிய ரத்தம் அந்தத் துணியோடு பிய்ந்து வரும். நனைந்தால் மேலே இன்னொரு துணி. அழுத்தியும் கையில் காலில் நிற்காமல் பீறிட்டால் மட்டும் மேலே கட்டு: அகலமான துணி, காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் வேண்டாம். கட்டிய நேரத்தைப் பேனையால் நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள்.

ஆலடி:
எல்லாம் சரி, ஆனால் விஷக்கடி பார்க்கும் நாட்டு வைத்தியரை, எங்கள் பரியாரியாரை, பேச்சிலேயே எடுக்காமல் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை. எங்கள் ஊரில் அவர் கையால் பிழைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லாத காலத்தில் இந்தக் காட்டு ஊர்களைக் காப்பாற்றியது அவர்கள்தான்.

வெள்ளைத்தொப்பி:
ஆலடி அண்ணை, நான் தள்ளவில்லை. விஷமில்லாத பாம்பு கடித்தவரும், விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறங்காதவரும் யார் கையாலும் பிழைப்பார்கள். அப்படிப்பட்ட கடி நிறையவே உண்டு. விஷம் இறங்கியவருக்குத்தான் நேரம் இல்லை. அவர் பரியாரியார் வீட்டு முற்றத்தில் இருக்கும் 2 மணித்தியாலத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

நான் வேலை செய்த காலத்தில் ஒரு பரியாரியாரைத் தெரியும். வந்தவரைத் திண்ணையில் படுக்க வைத்து, ஒரு மந்திரம் சொல்லித் திருநீறு போட்டு, "இனி ஆஸ்பத்திரிக்குப் போ, நான் சொன்னதாகச் சொல்லு" என்று தன் மகனின் வானிலேயே ஏற்றிவிடுவார். அவர் அனுப்பியதால்தான் பயமில்லாமல் வந்தோம் என்று சனம் சொல்லும். உங்கள் பரியாரியாரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். முன் வரிசையில் கதிரை போடுங்கள்.

சந்தி ஓட்டோ:
நான் ஏ-9 இல் ஓட்டோ ஓடுபவன். இரவில் மாட்டில் மோதிய மோட்டார் சைக்கிள், லைட் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மோதியது, இப்படி எந்த விபத்தென்றாலும் முதலில் மறிப்பது எங்களைத்தான். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பின் சீட்டில் மடக்கிப் போடுவார்கள். தலை தொங்கி முகவாய் நெஞ்சில் குத்தி நிற்கும். நினைவில்லாத ஆளுக்கு அந்த மடக்கலே மூச்சை அடைத்துவிடும். கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அதோடு கை கால் விழுந்துவிடும். சனம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பதற்றத்தில் செய்கிறது. ஆகவே ஓட்டோக்காரரையும் வகுப்பில் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸைப் பற்றியும் சொல்லுங்கள். வட மாகாணத்துக்கு 2018 இல் வந்தது. காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். ஆனாலும் எங்கள் சனம் முதலில் சொந்தக்காரனுக்குத்தான் போன் எடுக்கிறது. எடுத்தாலும் "ஆலமரத்தடிக்கு வாங்கோ" என்று வைத்துவிடுகிறார்கள். ஏ-9 என்றால் கிலோமீற்றர் கல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்வீதி என்றால் எந்தச் சந்தியால் திரும்புவது, எத்தனை பேருக்குக் காயம், மூச்சு இருக்கிறதா என்பதையும் சொல்லி, அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக்கூடாது. ஒரு பெடியன் ரோச்சோடு சந்தியில் நிற்க வேண்டும். உள்ளுக்குள் இரவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம்.

செஞ்சிலுவைத் தொண்டன்:
குளக்கட்டு, நான் இன்னொரு மாவட்டத்தில் தொண்டனாக இருக்கிறேன். சந்தி ஓட்டோ அண்ணை சொன்னதுதான் முதலுதவியாளரின் வேலையில் பாதி. முதலுதவியாளர் குட்டி டொக்டர் இல்லை. தனக்கு ஆபத்து வராமல் கிட்டப் போவது, உயிரைப் பிடித்து வைப்பது, நிலைமை மோசமாகாமல் பார்ப்பது, வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைப்பது. குளிசை கொடுப்பதும் ஊசி போடுவதும் அவர் வேலை இல்லை. இந்த எல்லையை வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பிறகு ஊரில் பிரச்சினை வராது.

ஒரு நாள்தான் என்றாலும் நெஞ்சை அழுத்தும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இதயம் நின்றால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். உங்கள் ஊருக்கு எந்த அம்புலன்ஸும் அதற்குள் வராது. தோளில் தட்டிக் கூப்பிட்டும் எழும்பவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில் கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். பயிற்சி எடுத்தவர் 30 அழுத்தம், 2 ஊதல். ஊதத் தெரியாதவர் அழுத்தினாலே போதும். இடையிடையே விட்டு விட்டு மூச்சு இழுப்பதைச் சாதாரண மூச்சு என்று நினைத்து நிறுத்தாதீர்கள். 2 நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும். செய்து பார்த்தால்தான் எவ்வளவு களைக்கும் என்று தெரியும், ஆகவே பொம்மையில் ஒவ்வொருவரும் கை வைக்க வேண்டும்.

மூச்சு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து விடுங்கள். வாந்தி எடுத்தாலும் வெளியே வரும். வலிப்பு நின்ற பிறகும் இதுதான். வலிப்பு வரும்போது கையில் திறப்புக்கோர்வை கொடுப்பதும், வாய்க்குள் கரண்டி வைப்பதும் வேண்டாம். தலை அடிபடாமல் துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990.

ஆலடி:
நெஞ்சை அப்படி அழுத்தினால் விலா எலும்பு உடையாதா? வயதானவர் என்றால் பிறகு பழி யாருக்கு?

செஞ்சிலுவைத் தொண்டன்:
உடையலாம் ஐயா. சரியாகச் செய்தாலும் உடையும். எலும்பு பொருந்தும். அந்த நேரத்தில் அவர் இதயம் நின்ற ஆள், ஒன்றும் செய்யாமல் விட்டால் இழப்பு நிச்சயம். இதைக் குடும்பங்களும் கேட்கும்படி வகுப்பில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் பொதுமண்டபத்தில் வையுங்கள் என்கிறேன்.

கடலோரம்:
முல்லைத்தீவுப் பக்கம் நான். கடலிலும் குளத்திலும் மூழ்கிய பிள்ளைகளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் இன்னும் பார்க்கிறோம். பிள்ளைக்குத் தேவை காற்று. தண்ணீர் எடுக்கப் போகும் நிமிடம்தான் போன நிமிடம், வயிற்றில் இருந்து வருவது நுரையீரலுக்குள்ளும் போகும். மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சழுத்தம் என்று எங்களுக்குப் பழக்கினார்கள். அப்புறம், நீந்தத் தெரிந்தவர் என்றாலும் உடனே குதிக்கக்கூடாது. மூழ்குபவர் கழுத்தைக் கட்டிப் பிடித்தால் இரண்டு பேரும் போவார்கள். கம்பு, சீலை, காற்றடித்த ரியூப், மூடிய வெறும் கான், எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள், எறியுங்கள். இரணைமடு மாதிரிப் பெரிய குளங்களில் தண்ணீர் திறக்கும் துருசுப் பக்கம் குளிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்ல வேண்டும்.

பழைய வாத்தியார்:
பள்ளிக்கூடம் என்றதும் எழுதத் தோன்றியது. முன்பு எங்கள் பாடசாலைகளில் சென் ஜோன் முதலுதவிப் படை இருந்தது. முக்கோணத் துணியால் தோள் தூக்கு, தலைக்கட்டு எல்லாம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள். இங்கிலாந்தில் 1877 இல் தொடங்கிய அமைப்பு அது. சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் வேலை செய்யும் சாதாரண ஆட்களுக்கு இதைப் படிப்பிக்கலாம் என்று துணிந்தவர்கள். அதற்கு முன்பே 1859 ஜூனில், இத்தாலியின் சோல்பரினோப் போருக்குப் பிறகு, பக்கத்து ஊர்ப் பெண்கள் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் காயக்காரருக்குத் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடினார்கள். அவர்களோடு நின்று வேலை செய்த வியாபாரி ஹென்றி டுனாண்டின் முயற்சியில்தான் செஞ்சிலுவை இயக்கமே பிறந்தது. அங்கே கை கொடுத்தது ஊர்ச்சனம். 9 ஆம், 10 ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். வீட்டில் பகல் நேரம் அம்மம்மாவோடு இருப்பது அவர்கள்தான்.

தூரதேசம்:
வெளிநாட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் மூலம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு முதலுதவிப் பெட்டி அனுப்பலாம் என்று யோசிக்கிறோம். பட்டியல் தந்தால் வாங்கி அனுப்புவோம்.

வெள்ளைத்தொப்பி:
உங்கள் மனதுக்கு நன்றி தம்பி. ஆனால் பெட்டியை விடப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். நெஞ்சழுத்தும் பொம்மை ஒன்று வாங்கித் தந்தால் பல ஊருக்கு மாறிமாறிப் போகும். பெட்டிச் சாமானை இங்கேயே வாங்கலாம்: கையுறை, முக்கோணத் துணி, சுற்றும் துணி, கிருமி நீக்கிய துணிப் பொட்டலம், நல்ல கத்தரிக்கோல், ஊசிப்பின், ரோச், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்). மாத்திரை வேண்டாம். தீக்காயத்துக்கு எந்தக் களிம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, சுத்தமான துணியால் மூடினால் போதும். பற்பசை பூசி வந்த பிள்ளையின் காயத்தில் இருந்து அதைச் சுரண்டி எடுக்கும்போது அந்தப் பிள்ளை கத்தும் கத்தலை ஒருதரம் கேட்டவர் பிறகு பூசமாட்டார்.

மகிழடி:
நான் மாதர் சங்கத்தில் இருக்கிறேன். ஒரு விஷயம் யாரும் எழுதவில்லை. எங்களில் பலருக்கு ரத்தத்தைக் கண்டால் அந்த நாட்கள் திரும்பி வருகின்றன. கை நடுங்கும், காது அடைக்கும். படிக்க விருப்பம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் உறைந்துபோய் நின்றுவிடுவேனோ என்று பயம். எங்களைப் போன்றவர்கள் வகுப்புக்கு வரலாமா?

செஞ்சிலுவைத் தொண்டன்:
கட்டாயம் வாருங்கள் அக்கா. ஒரு விபத்து இடத்தில் காயத்தில் கை வைப்பவர் ஒருவர் என்றால், கூட நாலு பேருக்கு வேலை இருக்கிறது. 1990 எடுத்துக் கதைப்பது, கூட்டத்தை விலக்கிக் காற்று விடுவது, வெளிச்சம் பிடிப்பது, பிள்ளைகளை அப்பால் கூட்டிப் போவது. உங்களுக்கு முடிந்ததை நீங்களே தேர்ந்தெடுங்கள். வகுப்பில் செயற்கை ரத்தம், காயப் படம் எதுவும் காட்ட வேண்டாம் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லலாம். நடுவில் எழும்பி வெளியே போகவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. சம்பவம் முடிந்த பிறகு உதவியவர்கள் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்து, நடந்ததைக் கதைப்பதும் நல்லது. நித்திரை வராமல் நாள்கணக்கில் போனால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் கதைக்கலாம்.

வயல்காரன்:
இரண்டு விஷயம் விடுபட்டுவிட்டது. வயலுக்குப் பூச்சிமருந்தடிக்கும்போது தலைசுற்றி விழுபவர். சேட்டைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கழுவுபவர் கையில் பொலித்தீன் பையாவது மாட்ட வேண்டும், மருந்துப் போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மற்றது வெடி. காணி துப்புரவாக்கிக் குப்பை கொளுத்தும்போது நிலத்துக்குள் கிடந்தது வெடித்தால், அடிபட்டவரிடம் ஓடிப் போவதுதான் மனித இயல்பு. ஆனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். வந்த கால் தடத்திலேயே பின்னால் வந்து, பொலிசுக்கும் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அங்கிருந்தே கத்தி, துணியால் காயத்தை அழுத்தச் சொல்லலாம்.

குளக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. காலையில் பாம்புக்கடியும் ரத்தக் காயமும், கட்டைப் பற்றிய பேச்சோடு. மத்தியானத்துக்குப் பிறகு பொம்மையில் நெஞ்சழுத்தம், மூழ்கியவர், சரித்துப் படுக்க வைப்பது, 1990 க்குக் கதைத்துப் பழகுவது. வலிப்பும் தீக்காயமும் மருந்தடிப்பும் வெடியும் சுருக்கமாக. பரியாரியார், ஓட்டோக்காரர் இருவர், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, 9 ஆம், 10 ஆம் வகுப்புப் பிள்ளைகள், முன்பள்ளி ஆசிரியை என்று பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். பெட்டியைச் சனசமூக நிலைய அலுமாரியில் வைக்கலாம் என்கிறார்கள், சரியா?

சந்தி ஓட்டோ:
சனசமூக நிலையம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சந்திக் கடையில் வையுங்கள், கடைக்காரர் பின்னால்தானே குடியிருக்கிறார், இரவிலும் எழுப்பலாம். மூங்கில் மட்டையும் கதிரையும் அங்கேயே இருக்கட்டும். கடைச் சுவரில் 1990 ஐயும், ஊருக்கு வரும் வழியையும், வகுப்பில் படித்தவர்களின் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மழைக்கு முன்பு வகுப்பு நாளைச் சொன்னால் நாங்கள் இரண்டு ஓட்டோ வருகிறோம், பின் சீட்டில் ஆளை எப்படி ஏற்றுவது என்று அங்கேயே செய்து பார்க்கலாம்.